எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் ரத்தக்குழாய் நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டபோது, தொற்று உள்ளவர்களின் ஐம்பதாவது வயதைப் பற்றி யோசிக்க யாருக்கும் தெம்பில்லை. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில், வைரஸை அடக்கும் பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அன்று முப்பது வயதில் மாத்திரை ஆரம்பித்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். காசநோயும் சி.டி.4 எண்ணிக்கையும் (எதிர்ப்பு சக்தி தரும் ஒரு வகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) மட்டுமே பேசப்பட்ட இடத்தில் இப்போது மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவையும் பேசப்படுகின்றன.

கீழே உள்ளவை பொதுவான பதில்கள். படித்துவிட்டு மருத்துவரிடம் கேள்வி கேளுங்கள். மருந்துச் சீட்டை நீங்களே மாற்றாதீர்கள்.

எனக்கு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வந்துவிட்டது. அப்புறம் ஏன் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

அது மிக நல்ல செய்திதான். உடலுறவு வழியே தொற்று மற்றவருக்குப் பரவாது, எதிர்ப்பு சக்தி தேறும், ஆயுள் நீளும். ஆனால் ரத்தக்குழாய்க்கு வரும் ஆபத்து குறைகிறதே தவிர, முழுவதும் போய்விடுவதில்லை.

அமெரிக்காவில் 82,000-க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. புகை, பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கணக்கு, இதய ரத்தக்குழாய் நோய்க்கான ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்றது.

‘இரண்டு மடங்கு’ என்றதும் பயந்துவிட வேண்டாம். புகைக்காத, பி.பி. இல்லாத 32 வயதுக்காரருக்கு அடிப்படை ஆபத்தே மிகச் சிறியது. அது இரட்டிப்பானாலும் சிறியதுதான். 55 வயதில், சுகரும் பீடியும் உள்ளவருக்கு அதே இரண்டு மடங்கு பெரிய விஷயம். யாருடைய அடிப்படை எவ்வளவு என்று பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வைரஸ் அடங்கிய பிறகும் ரத்தக்குழாய் ஏன் கெடுகிறது?

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே வைரஸ் குடலின் சுவரில் உள்ள சி.டி.4 செல்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. அந்தச் சுவர் பிறகு முழுமையாகத் தேறுவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் அதன் வழியே ரத்தத்தில் கசிகின்றன. அவற்றைப் பார்த்த வெள்ளை அணுக்கள், குறிப்பாக மோனோசைட்டுகள், எப்போதும் சண்டைக்குத் தயாராகவே நிற்கின்றன. கூட்டு மருந்து வைரஸைப் பெருக விடாது. ஆனால் இந்த அழற்சி நீறுபூத்த நெருப்பாக உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

அந்த அழற்சி ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது. கொழுப்பு அங்கே எளிதாகப் படிகிறது, ரத்தமும் எளிதாக உறைகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் இதய ரத்தக்குழாய்களை ஸ்கேனில் பார்த்தபோது, சுண்ணாம்பு ஏறிக் கெட்டியான படிவுகளைவிட மென்மையான படிவுகள் அதிகம் தெரிந்தன. சட்டென்று வெடித்து அடைப்பை உண்டாக்குவது இந்த மென்மையான ரகம்தான். அதனால் ‘ஈ.சி.ஜி. நார்மல்’ என்று கையில் ஒரு காகிதம் இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது.

சி.டி.4 எண்ணிக்கை ஒருகாலத்தில் மிகவும் கீழே போய், தாமதமாகச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு இந்த அழற்சி கூடுதலாக இருக்கும். சி.டி.4 இப்போது 700 என்றாலும், பழைய கதையை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

கூட்டு மருந்தால்தான் மாரடைப்பு வருகிறதாமே? நிறுத்திவிடலாமா?

கூடாது. இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் நிறுத்திப் பார்த்த ஆய்வே இருக்கிறது. ‘ஸ்மார்ட்’ என்ற அந்த ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பேர் இருந்தார்கள். ஒரு பாதியினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறுபாதியினர் சி.டி.4 நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். மருந்தின் பக்கவிளைவுகளிலிருந்து, அதாவது இதய நோயிலிருந்தும், தப்பலாம் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. நிறுத்தியவர்களிடம் மரணமும் அதிகம், இதய ரத்தக்குழாய் பிரச்சினைகளும் அதிகம். 2006 ஜனவரியில் ஆய்வைப் பாதியிலேயே முடித்தார்கள்.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பழைய மருந்துகளிலிருந்து. 2003-ல் வந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், அந்தக் காலத்துக் கூட்டு மருந்தை எடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு 26 சதவீதம் ஏறியது தெரிந்தது. இண்டினாவிர், லோபினாவிர் போன்றவை கொழுப்பை ஏற்றின. ஸ்டாவுடின் கன்னத்துச் சதையைக் கரைத்து, கொழுப்பின் கணக்கையே மாற்றியது. ஸ்டாவுடின் காலத்தைப் பார்த்தவர்களுக்கு மருந்து மேல் வரும் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இப்போது பெரும்பாலோர் எடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. இது கொழுப்பை ஏற்றுவதில்லை. டோலுடெக்ராவிர் எடுக்கும் சிலருக்கு எடை கூடுகிறது என்பது உண்மை. அதைக் கவனிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்த அது காரணம் அல்ல.

கூட்டு மருந்தில் எனக்கு அபாகாவிர் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் பயமாக எழுதியிருக்கிறார்களே?

இந்தப் பயத்தில் விஷயம் இருக்கிறது. 2008-ல் வெளியான ஆய்வில், அண்மையில் அபாகாவிர் எடுத்தவர்களிடம் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. இருந்தாலும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் வேறு வழி இருந்தால் அபாகாவிரைத் தவிர்ப்பதே இன்றைய வழக்கம்.

நம் ஊரில் பெரும்பாலும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத்தான் டெனோஃபோவிருக்குப் பதிலாக இதைக் கொடுக்கிறார்கள். அதாவது ஓர் ஆபத்துக்கு எதிராக இன்னொன்றை நிறுத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அடுத்த முறை போகும்போது “எனக்கு ஏன் அபாகாவிர்? என் இதய ஆபத்தைப் பார்த்தீர்களா?” என்று நேராகக் கேளுங்கள்.

ரத்தக்குழாய் நோய் என்றால் மாரடைப்பு மட்டும்தானா?

இல்லை. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்த ஆய்வில், பக்கவாதத்துக்குக் காரணங்களாக முதலில் உயர் ரத்த அழுத்தமும் அடுத்து எச்.ஐ.வி.யும் இருந்தன. கூட்டு மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் ஆபத்து கூடுதலாக இருந்தது. எதிர்ப்பு சக்தி திடீரென்று விழித்துக்கொள்ளும்போது ஏற்படும் அழற்சி இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சி.டி.4 மிகவும் குறைந்த நிலையில் மருந்து தொடங்குபவர்களுக்கு முதல் மாதங்களில் பி.பி.யைப் பார்ப்பது அதனால் அவசியம்.

காலின் ஆழமான ரத்தநாளத்தில் (சிரையில்) ரத்தம் உறைவதும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். ரத்தக் கட்டி அங்கிருந்து நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிக அரிதாக, ரத்தக்குழாயின் சுவரே பலவீனமாகிப் பலூன் போல் உப்பும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர அறுவை மருத்துவர்கள் இதை நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சிகிச்சை இல்லாத இளைஞர்களிடம், கழுத்திலும் தொடையிலும் ஒரே சமயத்தில் பல இடங்களில் இது வந்தது.

நடந்தால் கால் வலிக்கிறது. இது மருந்தால் வந்த நரம்புத் தளர்ச்சியா, அடைப்பா?

இந்த இரண்டையும் நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் குழப்பிக்கொள்வது உண்டு. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கால் வலி என்றாலே நரம்புப் பிரச்சினை என்று எழுதி, வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். பழைய ஸ்டாவுடின், காசநோய்த் தடுப்புக்குக் கொடுக்கும் ஐசோனியசிட், சுகர் எல்லாமே நரம்பைப் பாதிப்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் வலியின் குணம் வேறு.

நரம்பு பாதிப்பில் இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருக்கும். நடந்தாலும் படுத்தாலும் இருக்கும், இரவில் கூடும். ரத்தக்குழாய் அடைப்பில் வலி கெண்டைக்கால் சதையில் வரும். குறிப்பிட்ட தூரம் நடந்தால் பிடிக்கும், இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். பேருந்து நிறுத்தம் வரை ஒரே மூச்சில் நடந்தவர் நடுவில் ஒரு கடை வாசலில் நிற்க ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டும். பாதம் சில்லிடுவது, கால் விரல் முடி உதிர்வது, சின்னப் புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது ஆகியவையும் அடையாளங்கள். புகைப்பவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு.

இதைக் கண்டுபிடிக்க எளிய பரிசோதனை இருக்கிறது. கணுக்காலிலும் கையிலும் பி.பி. பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருப்பதாக அர்த்தம். ஊசி இல்லை, வலி இல்லை.

எந்தெந்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்க வேண்டும்?

பி.பி. ஒவ்வொரு முறையும். மாத்திரை வாங்க எப்படியும் போகிறீர்கள். கையில் பட்டையைச் சுற்றி அளக்க ஒரு நிமிடம் போதும். கூட்டம் அதிகம் உள்ள நாளில் விட்டுப்போகலாம், நீங்களே கையை நீட்டிக் கேளுங்கள். 140/90-ஐ மறுபடி மறுபடி தாண்டினால் சிகிச்சை வேண்டும். சுகர், கொழுப்பு அளவு, சிறுநீரகப் பரிசோதனை ஆகியவை ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். இடுப்புச் சுற்றளவை வீட்டிலேயே டேப்பால் அளக்கலாம்: நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று கணக்கிடும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பிரபலமானவை மேலைநாட்டு மக்களை, அதிலும் பெரும்பாலும் எச்.ஐ.வி. இல்லாதவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. அவை தரும் எண்ணைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலஸ்ட்ரால் நார்மல். ஆனாலும் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

‘ரிப்ரீவ்’ என்ற ஆய்வுதான் காரணம். இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேர் பங்கெடுத்தார்கள். எல்லோரும் 40 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்கள், கூட்டு மருந்தில் இருப்பவர்கள், வழக்கமான கணக்குப்படி ஸ்டாட்டின் தேவைப்படாதவர்கள். ஒரு பாதிக்குத் தினம் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாட்டின், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. சுமார் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஸ்டாட்டின் பக்கத்தில் 35 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2023-ல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி முடிவை வெளியிட்டார்கள்.

35 சதவீதம் என்பதைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். 1,000 பேரை ஓர் ஆண்டு கவனித்தால், மருந்தில்லாத பக்கத்தில் 7 பேருக்குச் சற்று மேல். ஸ்டாட்டின் பக்கத்தில் 5 பேருக்குச் சற்றுக் கீழ். ஆபத்து அதிகம் உள்ளவருக்குப் பலன் பெரிது, குறைந்தவருக்குச் சிறிது. தசை வலி 2.4 சதவீதம் பேருக்கு (மறுபக்கம் 1.4), புதிதாகச் சுகர் 5.3 சதவீதம் பேருக்கு (மறுபக்கம் 4.0) வந்தன.

2024-ல் அமெரிக்க வழிகாட்டி மாறியது. 40 வயதைக் கடந்த எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பத்தாண்டு ஆபத்து 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டாட்டினைப் பரிந்துரைக்கிறது. அதற்குக் கீழ் என்றாலும் யோசிக்கலாம் என்கிறது. பிட்டாவாஸ்டாட்டின் கிடைக்காத இடத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் 20, ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் ஏற்கப்பட்டவை. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

என் கருத்து: நாற்பத்தைந்து வயதுக்கு மேல், கூடவே சுகரோ பி.பி.யோ புகைப்பழக்கமோ இருந்தால் தயங்க வேண்டிய மாத்திரை இது இல்லை. முப்பதுகளில் இருப்பவருக்கு அவசரமும் இல்லை.

எந்த மாத்திரைகளைக் கூட்டு மருந்தோடு சேர்க்கக் கூடாது?

முதலில் உங்கள் மருந்தில் ரிடோனாவிர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் கட்ட சிகிச்சையில் கொடுக்கும் அட்டசனாவிர், லோபினாவிர் போன்றவற்றோடு அது சேர்ந்து வரும். ரிடோனாவிர் கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வேகத்தைத் தடுத்துவிடும். அதனால் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டும் கூடவே கூடாது; தசை சிதைந்து சிறுநீரகம் வரை போகும். அட்டோர்வாஸ்டாட்டின் என்றால் குறைந்த அளவு. பி.பி.க்கான அம்லோடிபின் அளவையும் குறைத்தே ஆரம்பிக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் ரிடோனாவிரோடு சரியாக வேலை செய்யாது. அதே வேலைக்கான டிக்காக்ரெலார் ரத்தத்தில் அளவு ஏறி, ரத்தக் கசிவை உண்டாக்கும். இரண்டுக்கும் பதிலாகப் பிரசுக்ரெல் போன்றவற்றை இதய மருத்துவர் யோசிப்பார். அட்டசனாவிர் எடுப்பவர் ஒமிப்ரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’ சேர்த்தால் அட்டசனாவிர் உடம்பில் சேராது.

ஒற்றைத் தலைவலிக்குக் கடையில் வாங்கும் எர்கோட்டமின் கலந்த மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிடோனாவிரோடு சேர்ந்தால் கை, கால் ரத்தக்குழாய்கள் இறுகி, விரல்கள் கறுத்து அழுகும் நிலை வரை போகலாம். ஒரே ஒரு தலைவலிக்கு இந்த விலை வேண்டாம்.

டோலுடெக்ராவிரில் தொல்லை குறைவு. சுகருக்கான மெட்ஃபார்மினை நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றக் கூடாது. வெறும் வயிற்றில் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளோடு சேர்த்து எடுக்கக் கூடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்கலாம்.

இதய மருத்துவரிடம் எச்.ஐ.வி. என்று சொல்லியே ஆக வேண்டுமா?

மேலே உள்ள பதிலைப் படித்தாலே தெரியும், சொல்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. சொல்லத் தயக்கம் என்றால், குறைந்தது எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களையாவது காட்டுங்கள். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்வதைத் தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் பாகுபாடு. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் எல்லாமே எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் செய்யக்கூடியவைதான். நடைமுறையில் எல்லா இடத்திலும் சட்டப்படி நடந்துவிடுவதில்லை என்பதும் தெரிந்ததே. எங்காவது மறுத்தால், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் உடனே சொல்லுங்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது.

பீடி கொஞ்சம்தான் பிடிக்கிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. டென்மார்க்கில் சிகிச்சையில் இருந்தவர்களைக் கணக்கிட்டபோது, 35 வயது நோயாளி புகையால் இழப்பது சுமார் 12 ஆண்டுகள், எச்.ஐ.வி.யால் இழப்பது சுமார் 5 ஆண்டுகள் என்று வந்தது. வைரஸைவிடப் புகை மோசம். வாயில் அடக்கும் புகையிலையும் இதயத்துக்கு ஆகாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறையுங்கள். தட்டில் சோறு குறைந்து காய், பருப்பு, மீன் கூடட்டும். தினம் அரை மணி நேர நடை. பூண்டு சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் அது ஸ்டாட்டினுக்குப் பதில் ஆகாது. டானிக் விற்பவர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

பெண்களுக்கு இந்த ஆபத்து குறைவுதானே?

பொதுவாக மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. எச்.ஐ.வி. அதைக் குறைத்துவிடுகிறது. 2007-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொற்று இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது மாரடைப்பு வாய்ப்பு ஆண்களுக்கு 1.4 மடங்கு, பெண்களுக்கு ஏறத்தாழ 3 மடங்கு. கணவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் மூச்சு வாங்கலை ‘அசதி’ என்று ஒதுக்கும் பெண்களைத்தான் இது அதிகம் பாதிக்கும்.

பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற பணியாளருக்கு என் தொற்று தெரிந்துவிடுமா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருபவர் பி.பி., சுகருக்காக வருகிறார். உங்கள் எச்.ஐ.வி. நிலையை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவர் தரும் மாத்திரைகளின் பெயர்களை ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

நெஞ்சு வலித்தால் முதலில் எங்கே போவது?

ஏ.ஆர்.டி. மையத்துக்கு அல்ல. 108-ஐ அழையுங்கள் அல்லது பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அடையாளங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். மாத்திரை டப்பாக்களை ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் உங்களுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று மருத்துவருக்கு அதிலிருந்து தெரியும்.